நிழற்கூரைக் குழுவின் முதல் விண்ணப்பதாரர்

எங்கள் வீட்டில் இரண்டு வண்டிகள். ஒன்று என் கார். அது வெயிலில் நின்றால் சீட் சுடும். ஒரு துண்டை விரித்து உட்கார்ந்தால் கடை வந்துவிடும். கண்ணாடிக் கடையில் ஃப்ரேமுக்குள் லென்ஸ் பொருத்துவது என் வேலை. இன்னொன்று என் மனைவியின் வேன். அது வெயிலில் நின்றால் கதையே வேறு.

அவள் வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்துப் பரிசோதனைக் கூடத்தில் சேர்ப்பவள். காலைச் சுற்று பன்னிரண்டுக்கு முடியும். பரிசோதனைக் கூடத்தில் மறுபடி நாலு மணிக்குத்தான் வாங்குவார்கள். அதுவரை வேன் எங்கள் வாசலில் நிற்கும், உள்ளே குளிர்பெட்டியில் நாற்பது ஐம்பது குப்பிகளோடு. பெட்டியைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டுபோக முடியாது. பரிசோதனைக் கூடத்துக்காரர்கள் அதை வண்டியின் தரையோடு போல்ட் போட்டு முறுக்கி, உள்ளே சூட்டைக் குறித்துவைக்கும் கருவி ஒன்றையும் வைத்திருக்கிறார்கள். சூடு ஏறினால் அது கோள் மூட்டிவிடும். மூன்று முறை கோள் மூட்டினால் வேலை போய்விடும்.

போன வருஷக் கோடையின் தொடக்கத்தில் பரிசோதனைக் கூடத்திலிருந்து முதல் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அவள் அதைப் படித்துவிட்டு ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினாள். பதினோரு வருஷம் ஒரு ஆஸ்பத்திரியின் ஜன்னல் இல்லாத அறையில் குப்பிகளுக்கு எண் ஒட்டியவள் அவள். சொந்த வண்டி வாங்கி வெளியே வந்த பிறகுதான் வீட்டில் அவள் பாடுவதையே கேட்டேன். அந்தக் கடிதம் வந்த வாரம் பாட்டு நின்றது. எனக்கு அது தாங்கவில்லை. ஷெட் போட்டுவிடலாம் என்று நான்தான் சொன்னேன்.

ஷெட்டுக்காரர் வந்தார். டேப்பைப் பிடித்து இரண்டு பக்கமும் இழுத்தார். அகலம் பதினெட்டு அடி, நீளம் இருபது. முன்னால் ஒன்பது அடி உயரம், பின்னால் எட்டரை, மழைத் தண்ணீர் தோட்டத்துப் பக்கம் ஓடிவிடும். நடுவில் தூண் வைத்தால் இரண்டு பேரும் கதவைத் திறக்க முடியாது, அதனால் ஓரத்தில் மட்டும் நாலு பைப். வளைந்த கூரை பார்க்க அழகு, சாய்ந்த கூரை போதும். இவ்வளவையும் அவர் சொல்லி முடிக்க ஐந்து நிமிஷம் ஆகவில்லை. ஒரு நாள் வேலை என்றார். என் மனைவி சரி என்று தலையாட்டினாள். அதோடு முடித்திருக்கலாம். நான்தான் சும்மா இருக்க மாட்டாமல், குடியிருப்புச் சங்கத்தில் இதற்கென்று ஒரு குழு இருக்கிறதே, அவர்களைக் கேட்க வேண்டாமா என்றேன். ஷெட்டுக்காரர் டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டார்.

குழுவின் பெயர் வாகன நிழற்கூரை நெறிப்படுத்தும் குழு. சங்கத்தின் அறிவிப்புப் பலகையில் அந்தப் பெயரைப் பலமுறை பார்த்திருக்கிறேன். எங்கள் குடியிருப்பில் நூற்றுப் பன்னிரண்டு வீடுகள், வீட்டுக்கு வீடு ஷெட். எல்லாரும் இங்கே வந்துதான் அனுமதி வாங்கியிருப்பார்கள் என்று நினைத்தேன். படிவத்தை முழுசாகப் படித்து நிரப்புகிற ஜாதி நான். என்னைப் போன்றவர்களைக் கடவுள் ஏன் படைத்தார் என்று அப்போது தெரியாது.

தண்ணீர் மோட்டார் அறைக்குப் பக்கத்து அறை அவர்களுடையது. நான் நிரப்பிய படிவத்தை நீட்டியதும் நாலு பேரும் எழுந்து நின்றார்கள். தலைவர், ஒரு பிஸ்கட் ஆலையில் பேக்கிங் பிரிவை நடத்தி ஓய்வு பெற்றவர், என் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். செயலாளர் தன் சட்டைப் பையிலிருந்து ஒரு ரப்பர் முத்திரையை எடுத்து ஒன்பது பக்கத்திலும் குத்தினார். குடியிருப்பில் அவருக்கு முத்திரை என்றே பெயர். தொழில்நுட்ப உறுப்பினர் ஒரு தையல்காரர். அளவெடுக்கத் தெரிந்தவர் என்பதால் அந்தப் பதவி. நாலாவது ஆள் என் பக்கத்து வீட்டுக்காரர். படிவத்தை நடுவில் வைத்து எங்கள் எல்லாரையும் ஒரு போட்டோ எடுத்தார்கள். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

படிவத்தில் ஒரு கேள்வி: முதன்மை வாகனம் எது, துணை வாகனம் எது? வீடு என் பெயரில் இருப்பதால் என் காரை முதன்மை என்று எழுதியிருந்தேன். நகலை வீட்டில் மேஜைமேல் வைத்தபோது என் மனைவி பார்த்தாள். "நான் துணையா?" என்று கேட்டாள். படிவத்துக்காக எழுதியது என்றேன். அவள் நகலைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனாள்.

நேரில் ஆய்வு செய்ய ஒரு நாள் காலை பத்து மணிக்கு வந்தார்கள். அந்த நேரத்தில் வேன் ஊரெல்லாம் ரத்தம் எடுத்துக்கொண்டிருக்கும். 'துணை வாகனம் காணப்படவில்லை' என்று எழுதிக்கொண்டு போனார்கள். இல்லாத வண்டிக்கு நிழல் எதற்கு என்று விளக்கம் கேட்டு ஒரு கடிதம் வந்தது. அடுத்த முறைக்கு என் மனைவி லீவு போட்டு வேனை வாசலில் நிறுத்தினாள். அவர்கள் மாலை வரை வரவில்லை. மறுநாள் பத்து மணிக்கு வந்து, காணப்படவில்லை என்று மறுபடியும் எழுதினார்கள். மூன்றாவது முறை இரண்டு வண்டியும் நின்றன, நாங்கள் இரண்டு பேரும் நின்றோம், முத்திரை மட்டும் வந்தார். மூன்று பேர் இல்லாமல் எதையும் பார்க்கக் கூடாது என்பது விதி. அதனால் அவர் வண்டிகளுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று, எங்களிடம் பத்து நிமிஷம் பேசிவிட்டுப் போனார்.

நாலாவது முறை தையல்காரர் அளவெடுத்தார். சட்டைக்கு எடுக்கிற டேப்தான். காரின் தோள், இடுப்பு, நீளம் எல்லாம் குறித்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் ஆறு அங்குலம் கூட்டினார். எதற்கு என்று கேட்டேன். "பின்னாடி வளர்ந்தா பிரிச்சு விட்டுக்கலாம்ல" என்றார். கார் வளராது என்று சொல்ல வாயெடுத்தேன். தலைவர் என் தோளைத் தட்டி, தொழில்நுட்ப விஷயத்தில் நாம் தலையிடக் கூடாது என்றார்.

அதற்குள் கோடை உச்சிக்கு வந்துவிட்டது. தெருமுனையில் ஒரு மரம் இருக்கிறது. என் மனைவி மதியத்தில் வேனை அதன்கீழ் நிறுத்த ஆரம்பித்தாள். மூன்றாம் நாளே கண்ணாடியில் குழுவின் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. மரத்தின் நிழல் எல்லாருக்கும் பொது. பொது நிழலில் தனி ஒருவர் வண்டியை நிறுத்தக் கூடாது. குறிப்பாக, சொந்த நிழலுக்கு விண்ணப்பித்துக் காத்திருப்பவர் நிறுத்தவே கூடாது. பிறகு அந்தக் கோடை முழுக்க அவள் ஊருக்கு வெளியே ஒரு கிடங்குச் சுவரோரம் வேனை நிறுத்தி, பன்னிரண்டிலிருந்து நாலு மணி வரை உள்ளேயே உட்கார்ந்து, டப்பாவில் கொண்டுபோனதைச் சாப்பிட்டாள். குழுவில் வேலை நடந்துகொண்டிருக்கிறது என்று தினமும் சாயங்காலம் அவளுக்குச் சொன்னேன். அதை நினைத்தால் எனக்கு இப்போதும் கூசுகிறது.

வேலை நடக்கத்தான் செய்தது. எந்த மாதிரிக் கூரை என்று தேர்ந்தெடுக்க நாலு மாதம் எடுத்துக்கொண்டார்கள். தட்டை, சாய்வு, வளைவு, முக்கோணம் என்று அட்டையில் நாலு ஷெட் செய்து மேஜையில் வைத்து, கீழே பொம்மை வண்டிகளை நிறுத்திப் பார்த்தார்கள். காருக்குப் பொம்மைக் கார் கிடைத்துவிட்டது. பொம்மை வேன் கிடைக்கவில்லை. தலைவர் தன் பேரனிடமிருந்து ஒரு தீயணைப்பு வண்டியை வாங்கி வந்தார். அதன் ஏணி கூரையில் இடித்தது. ஏணி இடிக்காமல் இருக்க எவ்வளவு உயரம் வேண்டும் என்று தையல்காரர் கணக்குப் போட்டார். பதினான்கு அடி என்று தீர்மானம் நிறைவேறியது. எங்கள் வேனில் ஏணி இல்லை என்றேன். அது குறிப்பில் பதிவாகியிருக்கிறது: 'வேனுக்கு ஏணி இல்லை என்ற குறையை விண்ணப்பதாரர் தெரிவித்தார்.'

பதினான்கு அடி உயரத்தில் கூரை வைத்தால் மதியத்துக்கு மேல் நிழல் எங்கே விழும்? பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும், பக்கத்து வீட்டில் விழும். வண்டிகள் முழு வெயிலில் நிற்கும், பக்கத்து வீட்டுத் தொட்டிச் செடிகள் குளிர்ச்சியாக இருக்கும். இதை நான் எடுத்துச் சொன்னபோது குழு பரபரப்பானது. என் நிழல் இன்னொருவர் நிலத்தில் விழ அவருடைய சம்மதம் வேண்டுமாம். பக்கத்து வீட்டுக்காரர் உடனே சம்மதித்தார். ஒரு நிபந்தனை மட்டும் வைத்தார். மதியம் மட்டும் போதாது, காலை ஒன்பது மணியிலிருந்து கொடுக்க வேண்டும். காலையில் சூரியன் அவர் வீட்டுப் பக்கத்திலிருந்து வருகிறது, நிழல் இந்தப் பக்கம்தானே விழும் என்றேன். அது விண்ணப்பதாரர் பொறுப்பு என்று முத்திரை எழுதிக்கொண்டார்.

அன்றைக்கு எனக்குப் பொறுமை போனது. ஒரு வெள்ளைத்தாளில் விண்ணப்பத்தைத் திரும்பப் பெறுகிறேன் என்று எழுதி மேஜையில் வைத்தேன். யாரும் அதைத் தொடவில்லை. தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் மாட்டிக்கொடுத்த கண்ணாடிதான். அவர் குரலில் கோபமே இல்லை.

"மூணு வருஷமா மாசத்துக்கு ரெண்டு தடவை இங்க கூடறோம்ங்க. ஒரு விண்ணப்பம் வரல. எல்லாரும் அவங்க பாட்டுக்கு ஷெட்டைப் போட்டுக்கிட்டாங்க. ஒருத்தர் கூட எங்களை மதிச்சு வந்து கேக்கல. நீங்க ஒருத்தர்தான் வந்தீங்க. அனுமதி குடுக்கறது ஒண்ணும் பெரிய விஷயமில்லை, ஒரு கையெழுத்துதான். ஆனா குடுத்துட்டா, அப்புறம் குடுக்க எங்ககிட்ட என்ன இருக்கு?"

சொல்லிவிட்டு அவர் தலையைக் குனிந்துகொண்டார். தையல்காரர் ஜன்னல் பக்கம் பார்த்தார். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வந்தது பரிதாபம். நாலு பெரிய மனிதர்கள் மோட்டார் சத்தத்துக்கு நடுவே மூன்று வருஷம் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை நினைத்தேன். முத்திரை அந்தப் பரிதாபத்தை வீணாக்கவில்லை. வெள்ளைத்தாளை எடுத்து என் கோப்பில் சேர்த்து, கோப்பு இப்போது நூறு பக்கத்தைத் தாண்டிவிட்டது, நூறைத் தாண்டியது சங்கத்தின் சொத்து, அதைத் திரும்பக் கேட்க எனக்கு உரிமை இல்லை என்றார்.

அத்தோடு என்னைக் குழுவில் உறுப்பினராகவும் சேர்த்துக்கொண்டார்கள். விண்ணப்பதாரர் பிரதிநிதி என்று பதவிக்குப் பெயர். விண்ணப்பதாரர் நான் ஒருவன்தான், எனக்கு நானே பிரதிநிதி. கைப்பிடி வைத்த நாற்காலி கொடுத்தார்கள். சட்டையில் குத்திக்கொள்ள ஒரு வில்லை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எனக்கு அது பிடித்திருந்தது. கடையில் என்னை யாரும் அபிப்பிராயம் கேட்பதில்லை. இங்கே நான் இருமினால் கூட முத்திரை பேனாவை எடுத்தார். இரண்டு மூன்று கூட்டத்தில் நானும் 'முறைப்படி பார்த்தால்' என்று ஆரம்பிக்கப் பழகிவிட்டேன்.

இப்படியே ஒரு வருஷம் ஓடிவிட்டது. அடுத்த கோடை எட்டிப் பார்த்தபோது கிடங்கை விற்றுவிட்டார்கள். வாங்கியவர் சுவரை இடித்துவிட்டார். அந்த வாரமே இரண்டாவது கடிதம் வந்தது. என் மனைவி அதை முதல் கடிதத்துக்குக் கீழே ஒட்டினாள்.

"இன்னொண்ணு வந்தா அவ்வளவுதான்" என்றாள். "மறுபடி அந்த ரூமுக்கு என்னால போக முடியாதுங்க. எவ்வளவு நாள் ஆகும்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க."

வருகிற கூட்டத்தில் முடித்துவிடுகிறேன் என்று சத்தியம் செய்தேன். அந்த வாரம் முழுக்க நான் ஓடிய ஓட்டம் எனக்குத்தான் தெரியும். தையல்காரரின் கடைக்குப் போனேன், தேவையில்லாத ஒரு பேன்ட் தைக்கக் கொடுத்தேன். பக்கத்து வீட்டுக்காரரின் தொட்டிகளை ஒன்பது அடியில் கூரை போட்டால் நிழல் விழப்போகிற இடத்துக்கு நானே நகர்த்திவைத்தேன். இரண்டு பேரும் என் பக்கம் வந்துவிட்டார்கள். தலைவரும் முத்திரையும் வரமாட்டார்கள் என்று தெரியும். அவர்கள் இரண்டு, இவர்கள் இரண்டு, நான் ஒன்று. விரலை விட்டு எண்ணிப் பார்த்தேன், மூன்று வந்தது. பல நாளுக்குப் பிறகு நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

கூட்டத்தில் தலைவர் பொருளை வாசித்தார். அனுமதியை இன்றே கொடுப்பதா, மேலும் ஆராய்வதா? தையல்காரர் இன்றே என்று கை தூக்கினார். பக்கத்து வீட்டுக்காரர் தூக்கினார். ஆராய வேண்டும் என்று முத்திரை தூக்கினார், தலைவர் தூக்கினார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். மோட்டார் அப்போதுதான் நின்றிருந்தது. நான் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன். கை தூக்கத்தான் எழுந்தேன். முத்திரை பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"முறைப்படி பார்த்தா, விண்ணப்பதாரர் அவர் விஷயத்துல அவரே ஓட்டுப் போடறது சரியில்லைங்க" என்று யாரோ சொன்னது கேட்டது. என் குரல்தான்.

கை தட்டினார்கள். தலைவர் எழுந்து வந்து கட்டிப்பிடித்தார். இப்படி ஒரு நேர்மையை இந்தக் குழு பார்த்ததில்லை என்றார். ஓட்டு சமமாக நின்றதால் பொருள் அடுத்த காலாண்டுக்குத் தள்ளிவைக்கப்பட்டது. தள்ளிவைக்கும் தீர்மானத்தை நானே முன்மொழிய வேண்டும் என்று விரும்பினார்கள். முன்மொழிந்தேன். தையல்காரர் மட்டும் வெளியே வந்ததும் என் பேன்டைப் பற்றி விசாரிக்கிற மாதிரி அருகில் வந்து, ஏன் சார் என்று கேட்டார். பேன்ட் எப்போது கிடைக்கும் என்று கேட்டேன்.

வீட்டுக்குப் போகும் வழியில் என்னென்னவோ சொல்லிப் பார்த்தேன். காலாண்டு என்பது மூன்று மாதம்தான். மூன்று மாதத்தில் கோடை முடிந்துவிடும். எதை எப்படிச் சொன்னாலும் கேவலமாகத்தான் இருந்தது. என் மனைவி சமையலறையில் மறுநாளைக்கான குப்பிகளில் பெயர்ச்சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தாள். நடந்ததை நடந்தபடி சொன்னேன். கைதட்டலைக் கூட மறைக்கவில்லை. அவள் ஒட்டுவதை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசிக் குப்பியையும் முடித்தபின் நிமிர்ந்தாள்.

"ஆக, என் வேலை போகணும்னு ஓட்டுப் போட்டது ரெண்டு பேர். போகட்டும்னு ஓட்டுப் போடாம விட்டது நீங்க."

அப்படி இல்லை என்று சொல்ல ஆரம்பித்தேன். எப்படி என்று அவள் கேட்கவில்லை. எழுந்து போய் போனை எடுத்துக்கொண்டு தோட்டத்துப் பக்கம் போனாள்.

மறுநாள் காலை ஏழரைக்கு ஷெட்டுக்காரர் வந்துவிட்டார். பைப்புகளும் ஷீட்டுகளும் இறங்கின. நான் ஷேவ் செய்த பாதி முகத்தோடு வாசலில் நின்றேன். குழு, கோப்பு, காலாண்டு என்று என்னவோ சொன்னேன். அவர் என்னைத் தாண்டிக் குழி தோண்டினார். சிமெண்டைக் கொட்டி, பைப்பை நிறுத்தி, மட்டம் பார்த்து முறுக்கினார். பத்து மணிக்குள் செய்தி பரவி முத்திரை ஓடி வந்தார். மூச்சு வாங்கியது. யாரைக் கேட்டு இந்தக் கட்டுமானம் என்று என் மனைவியிடம் கேட்டார். அவள் இதற்காகவே காலைச் சுற்றைக் கூட வேலை பார்க்கிற தோழியிடம் கொடுத்துவிட்டு நின்றுகொண்டிருந்தாள்.

"யாரையும் கேக்கலைங்க" என்றாள்.

முத்திரை விதிப் புத்தகத்தைப் புரட்டினார். முன்னாலிருந்து ஒரு தடவை, பின்னாலிருந்து ஒரு தடவை. பிறகு அவர் முகம் தெளிந்தது. விண்ணப்பித்தவர்கள் மீதுதான் குழுவுக்கு அதிகாரம், விண்ணப்பிக்காதவர்களைப் பற்றிப் புத்தகத்தில் ஒரு வரியும் இல்லை என்று அவரே எங்களுக்கு வாசித்துக் காட்டினார். நூற்றுப் பதினொரு வீட்டுக்கும் இதே வழிதான் என்றார். பைப் கட்டின்மேல் உட்கார்ந்தேன். முழுசாக ஒரு வருஷம். முத்திரைக்கு இன்னும் ஒரே ஒரு கவலை மிச்சமிருந்தது. தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"அப்ப சாரோட விண்ணப்பம்?"

"அது அவரோடது. அப்படியே இருக்கட்டும்" என்றாள் என் மனைவி.

முத்திரைக்கு உயிர் வந்தது. இரண்டு வாகனம் ஒன்றாகக் குறைந்ததால் முதல் பக்கத்திலிருந்து திருத்த வேண்டும், ஒரு வருஷத்துக்கு வேலை இருக்கும் என்று சொல்லிக்கொண்டே என் கையைக் குலுக்கிவிட்டு, தலைவரிடம் சொல்ல விரைந்தார். ஒன்றாகக் குறைந்தது என்று அவர் எதைச் சொன்னார் என்பது எனக்கு அப்புறம்தான் புரிந்தது. தூண்களைப் பார்த்தேன். அகலம் பதினெட்டு அடி இல்லை. பத்து அடி. வேன் ஒன்று நிற்கும், ஒரு பக்கக் கதவு திறக்கும், அவ்வளவுதான்.

பன்னிரண்டு மணிக்குக் கூரை ஏறிவிட்டது. என் மனைவி வேனைக் கொண்டுவந்து உள்ளே விட்டாள். இன்ஜினை அணைத்துவிட்டு உடனே இறங்கவில்லை. பின்னால் போய்க் கருவியின் எண்ணைப் பார்த்தாள், கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு இறங்கி, ஃப்ரிட்ஜ் கதவிலிருந்த இரண்டு கடிதங்களையும் கிழித்துப் போட்டாள். சமையலறையில் அவள் முணுமுணுப்பாக ஏதோ பாடுவது வாசல்வரை கேட்டது. எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. உள்ளே போய் அதைச் சொல்லும் தைரியம் வரவில்லை. வெயிலில் நின்ற என் காருக்குப் பக்கத்தில், பாதி ஷேவ் செய்த முகத்தோடு நின்றேன்.

ஷெட்டுக்காரர் சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தார். பைப்பும் ஷீட்டும் கொஞ்சம் மிச்சம் இருந்தன. என்னைப் பார்க்க அவருக்குப் பாவமாக இருந்திருக்க வேண்டும். காரைக் காட்டி, இதற்கும் இப்போதே போட்டுவிடலாமா சார், அரை நாள் வேலைதான் என்றார்.

குழுவைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.